விடை முன்கூட்டியே எழுதப்படாத செய்முறை

இந்தியப் பள்ளிகளின் இயற்பியல் ஆய்வகங்களில் நடைபெறும் செய்முறைகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அளவெடுக்கத் தொடங்கும் முன்பே விடை என்னவென்று மாணவருக்குத் தெரிந்திருக்கிறது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும்போது 9.8 என்ற எண்ணும், கண்ணாடிப் பாளத்தின் ஒளிவிலகல் எண்ணைக் காணும்போது 1.5 என்ற எண்ணும் பாடநூலில் அச்சேறி நிற்பதால், ரெக்கார்டு நோட்டில் பதியப்படும் அளவுகள் பல நேரங்களில் அந்த எண்ணை நோக்கியே நகர்த்தப்படுகின்றன. இதை மாணவரின் நேர்மைக் குறைவு என்று கொள்வது பொருந்தாது; எடுத்த அளவுக்கு மதிப்பில்லாமல், எட்டிய விடைக்கே மதிப்பெண் கிடைக்கும் ஏற்பாட்டில், பதினாறு வயதுப் பிள்ளை வேறு எதைச் செய்யும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் அறிவியல் பயின்று வெளியேறும் ஒருவர், அறிவியலின் முடிவுகளை ஓரளவு அறிந்திருந்தாலும், அந்த முடிவுகள் எந்தத் தயக்கங்களையும் திருத்தங்களையும் தாண்டி வந்தன என்பதை ஒருமுறைகூடத் தம் கையால் உணராமலே போய்விடுகிறார்.

இந்தக் குறையை நீக்கவல்ல கருவி ஒன்று பத்தாண்டுகளுக்கும் மேலாக எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்பதும், அதை உருவாக்கியதில் இந்தியாவின் உழைப்பும் பணமும் கலந்திருக்கின்றன என்பதும் பரவலாகப் பேசப்படவில்லை. சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் இயங்கும் செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் பதிவான மெய்யான மோதல் தரவுகளே அந்தக் கருவி. புரோட்டான் போன்ற, குவார்க்குகளால் ஆன துகள்களுக்கு ஹாட்ரான்கள் என்று பெயர். அவற்றை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கி, எதிரெதிர்த் திசையில் சுற்றவிட்டு, குறிப்பிட்ட நான்கு இடங்களில் மோதவைக்கும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடி வளையமே மோதுவி.

புது தில்லியின் லோதி ரோட்டை இந்தச் செய்தியோடு சேர்த்து எண்ணிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அச்சாலையை ஒட்டிய லோதி எஸ்டேட்டில், 1923-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று நடைபெறுகிறது; அரசுப் பணிக்காகத் தலைநகருக்கு வந்த தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நிறுவிய கழகம் அது. அதே சாலையில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் தயாள் சிங் கல்லூரி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையோ மோதுவியின் இரு பெரும் பொதுநோக்கு உணர்கருவிகளுள் ஒன்றான சிஎம்எஸ் குழுவின் உறுப்பு. இன்னும் சற்றுத் தள்ளி, ஒன்றரை நூற்றாண்டு அளவீடுகளுக்கு உரிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் நிற்கிறது. பள்ளி, கல்லூரி, தரவைக் கொண்டே வாழும் ஓர் அரசுத் துறை ஆகிய மூன்றும் ஒரே சாலையை ஒட்டி அமைந்திருக்க, மோதல் தரவு மட்டும் அப்பள்ளி போன்றவற்றின் ஆய்வக மேசையை ஏன் வழக்கமாக எட்டுவதில்லை என்று கேட்பது இடத்தைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கினாலும், கல்வியைப் பற்றிய கேள்வியாகவே முடியும்.

முதலில், தரவு என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மோதுவியில் புரோட்டான் கற்றைகள் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அதனால் நொடிக்கு 100 கோடி அளவில் மோதல்கள் நிகழ்கின்றன. இவை அனைத்தையும் சேமிக்க எந்தக் கணினியாலும் இயலாது என்பதால், மின்னணு வடிகட்டிகள் நொடிக்கு ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையிலான மோதல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகின்றன. அவ்வாறு வைத்துக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு மோதலின் பதிவும் ஒரு நிகழ்வு எனப்படும். செர்ன் தன் திறந்த தரவு இணையவாயிலை 2014 நவம்பரில் தொடங்கி, சிஎம்எஸ் குழு 2010-இல் பதிந்த நிகழ்வுகளை முதலில் வெளியிட்டது; 2016 ஏப்ரலில் 2011-ஆம் ஆண்டின் பதிவுகள் 300 டெராபைட் அளவில் வந்தன; ஹிக்ஸ் போசான் என்னும் துகள் கண்டறியப்பட்ட 2012-ஆம் ஆண்டின் பதிவுகள் 2017 டிசம்பரில் தொடர்ந்தன. அட்லஸ் என்னும் மற்றொரு பெரும் குழுவும் தொடக்கத்தில் கல்விக்காகச் சிறு தொகுப்புகளை வெளியிட்டு, 2024 ஜூலையில் ஆய்வுத் தரமுள்ள 65 டெராபைட் தரவை எவரும் எடுத்துக்கொள்ளத் தந்தது.

இந்த அளவுகளைக் கண்டு பள்ளிகள் அஞ்சத் தேவையில்லை. ஆய்வாளருக்கு உரிய முழுத் தரவோடு கூடவே, ஒரு லட்சம் நிகழ்வுகளை வெறும் அட்டவணையாகச் சுருக்கிய சிறு கோப்புகளும் அங்கே கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு மோதல், ஒவ்வொரு கட்டமும் ஒரு துகளின் ஆற்றல், உந்தம், திசை, மின்னூட்டம் ஆகியவற்றுள் ஒன்று. அலுவலகங்களில் சம்பளக் கணக்குப் போடப் பயன்படும் விரிதாள் மென்பொருளே இவற்றைத் திறக்கப் போதும். நிகழ்வை முப்பரிமாணப் படமாகச் சுழற்றிப் பார்க்க உதவும் மென்பொருள், எதையும் நிறுவ வேண்டாமல் இணைய உலாவியிலேயே இயங்குகிறது.

அந்தப் படத்தைப் படிக்கத் தேவையான இயற்பியல் எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. அதன் விடை பலருக்கு வியப்பளிக்கக்கூடும். காந்தப்புலத்தில் நகரும் மின்னூட்டத் துகள் வளைந்து செல்லும், அதன் உந்தம் கூடக்கூட வளைவு குறையும், மின்னூட்டத்தின் குறி மாறினால் வளையும் திசையும் மாறும் என்ற மூன்றும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12-ஆம் வகுப்பில் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. 14,000 டன் எடையும் 21 மீட்டர் நீளமும் உள்ள சிஎம்எஸ் உணர்கருவியின் நடுவே, 3.8 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தை உண்டாக்கும் மீக்கடத்திச் சுருள் ஒன்று உள்ளது. பாடநூல் தரும் ஆரச் சமன்பாட்டில் இந்த எண்ணை இட்டால், ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றல், உந்தம், நிறை ஆகியவற்றுக்கு வழங்கும் அலகு) அளவு உந்தமுள்ள துகள் 88 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழலும் என்றும், 40 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவு உந்தமுள்ளது 35 மீட்டர் ஆரமுள்ள பெருவட்டத்தின் சிறு வில்லாக, ஏறக்குறைய நேர்கோடாகவே, வெளியேறும் என்றும் மாணவரே கணக்கிட்டுவிடலாம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் அறியப்பட்டிருந்த சமன்பாடு, திரையில் தெரியும் கோட்டின் வளைவை அளக்கும் அளவுகோலாக மாறும் அந்தக் கணம், எத்தனை விரிவுரைகளாலும் ஈடு செய்ய முடியாதது.

உணர்கருவி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக அமைந்தது. உள்ளடுக்கில் உள்ள சிலிக்கான் தகடுகள் மின்னூட்டத் துகள்களின் தடத்தைப் பதிகின்றன. அதற்கு வெளியே ஈயத் தங்ஸ்டேட் படிகங்கள் எலக்ட்ரானையும் ஒளித்துகளான ஃபோட்டானையும் உறிஞ்சி அவற்றின் ஆற்றலை அளக்கின்றன. அதற்கும் வெளியே ஹாட்ரான்களைத் தடுத்து நிறுத்தும் பித்தளை அடுக்குகள் உள்ளன. இவை எல்லாவற்றையும் ஊடுருவி வெளிப்புற அறைகளை எட்டுவது, எலக்ட்ரானைப்போல் 200 மடங்கு நிறையுள்ள மியூவான். எனவே எந்தத் துகள் எந்த அடுக்கில் நின்றது என்பதைக் கொண்டே அது இன்னது என்று அடையாளம் காண முடியும். எந்த அடுக்கிலும் தடம் பதிக்காமல் தப்பிவிடும் நியூட்ரினோவைக்கூட, மற்றத் துகள்களின் உந்தங்களைக் கூட்டிப் பார்த்து, ஒரு பக்கம் ஈடு செய்யப்படாமல் நிற்கும் அளவைக் கொண்டு உய்த்துணரலாம். உந்தம் அழியாது என்ற 11-ஆம் வகுப்புப் பாடம் இங்கே கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் விளக்காகிறது.

இதைப் பயன்படுத்தி உலகெங்கும் நடத்தப்படும் முயற்சி, துகள் இயற்பியலின் பன்னாட்டு மாணவர் பயிலரங்கு. 1997-இல் பிரித்தானியாவில் வேர்விட்டு, உலக இயற்பியல் ஆண்டாகிய 2005-இல் ஐரோப்பா முழுவதும் பரவிய இத்திட்டத்தில், இப்போது ஏறத்தாழ 60 நாடுகளில் 13,000-க்கும் மேற்பட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் பங்கேற்கிறார்கள். காலையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கூடி விளக்கவுரை கேட்டு, பிற்பகலில் இருவர் இருவராக அமர்ந்து நூறு நூறு நிகழ்வுகளை ஆராய்ந்து, மாலையில் பிற நாட்டு மாணவர்களோடும் செர்ன் ஆய்வாளரோடும் காணொளி வழியே முடிவுகளை ஒப்பிட்டுப் பேசுவது அதன் நடைமுறை.

அந்தப் பிற்பகலில் நிகழ்வதை ஒரே ஓர் அளவீட்டைக் கொண்டு விளக்குவது தகும். கதிரியக்கத்தின் ஒரு வகைக்குக் காரணமான மென்விசையைச் சுமக்கும் டபிள்யூ போசான் என்னும் துகள், நேர் மின்னூட்டத்தோடும் எதிர் மின்னூட்டத்தோடும் இரு வகையாக உண்டாகிறது. பயிற்சிக்கு எடுக்கப்படும் நிகழ்வுகளில் அது பிறந்த மாத்திரத்தில் சிதைந்து ஒரு மியூவானையோ எலக்ட்ரானையோ, அதனோடு ஒரு நியூட்ரினோவையும் விட்டுச் செல்வதால், திரையில் தெரிவது ஒரு நீண்ட தடமும் அதற்கு எதிர்ப்புறம் ஒரு வெறுமையும் மட்டுமே. தடம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, மாணவர் அந்நிகழ்வை நேர் என்றோ எதிர் என்றோ பட்டியலில் குறிக்கிறார். மோதும் புரோட்டான் ஒவ்வொன்றிலும் மேல் வகைக் குவார்க்குகள் இரண்டும் கீழ் வகைக் குவார்க்கு ஒன்றும் உள்ளன. நேர் டபிள்யூ உருவாக மேல் குவார்க்கும், எதிர் டபிள்யூ உருவாகக் கீழ் குவார்க்கும் தேவை. ஆகவே நேர் வகை எதிர் வகையைப்போல் இரு மடங்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. எண்ணிப் பார்த்தாலோ விகிதம் 2 வருவதில்லை, 1.4-ஐ ஒட்டியே வருகிறது. புரோட்டானுக்குள் அந்த மூன்று குவார்க்குகள் மட்டும் இல்லை, இணை இணையாகத் தோன்றி மறையும் குவார்க்குகளும் எதிர்க்குவார்க்குகளும் கடல்போல் நிரம்பியிருக்கின்றன என்பதே அந்த வேறுபாட்டின் காரணம். புரோட்டானின் உள்ளமைப்பை ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவர் இடது, வலது என்று எண்ணியே தொட்டுவிடுகிறார்.

ஆனால் எண்ணும்போதே இன்னொன்று நடக்கிறது. கல்வியைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது. விகிதம் 1.4 என்றால் நூறு நிகழ்வுகளில் 58 நேராகவும் 42 எதிராகவும் இருக்க வேண்டும். ஆயினும் ஒரு குழுவுக்கு 51-க்கு 49 என்றும், அடுத்த மேசையில் உள்ள குழுவுக்கு 64-க்கு 36 என்றும் வருவது முற்றிலும் இயல்பு. யார் சரி, யார் தவறு என்ற கேள்வி வகுப்பில் எழும். இருவருமே சரியாக எண்ணியிருக்கலாம். நூறு நிகழ்வுகளை எண்ணினால் ஏறத்தாழ ஐந்து இங்கும் அங்கும் போகும். இருபது குழுக்களின் முடிவுகளைச் சேர்த்து 2,000 நிகழ்வுகளாக்கினால் அந்த ஊசலாட்டம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு ஒடுங்கும். ஒற்றை நிகழ்வைக் கையில் வைத்துக்கொண்டு இது டபிள்யூ போசான்தானா என்று கேட்டால் எந்தப் பேராசிரியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே தோற்றத்தைத் தரும் வேறு மோதல்களும் உண்டு. உறுதி, கூட்டத்திலிருந்தே பிறக்கிறது. தன் அளவைத் திருத்தி எழுதுவதால் பயனில்லை, பிறர் அளவோடு சேர்ப்பதால்தான் பயன் என்பதை ரெக்கார்டு நோட்டு ஒருபோதும் கற்றுத் தருவதில்லை. இந்த அட்டவணை ஒரே பிற்பகலில் கற்றுத் தந்துவிடுகிறது.

மற்றொரு பயிற்சி இரு மியூவான்களைப் பற்றியது. ஒரு துகள் இரண்டாகச் சிதையும்போது, தோன்றிய இரண்டின் ஆற்றலையும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தையும் கொண்டு தாய்த்துகளின் நிறையை மீட்டெடுக்கலாம். இரு ஆற்றல்களையும் பெருக்கி, அதை இருமடங்காக்கி, ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து வரும் எண்ணால் மீண்டும் பெருக்கினால் நிறையின் வர்க்கம் கிடைக்கும். எந்த வேகத்தில் நகர்பவர் அளந்தாலும் மாறாதது என்பதால் இதற்கு மாறா நிறை என்று பெயர். ஆளுக்கு 45.6 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இரு மியூவான்கள் நேர் எதிரெதிராகப் பறந்தால் தாயின் நிறை 91.2, அதே ஆற்றலோடு 60 பாகை இடைவெளியில் பறந்தால் 45.6 மட்டுமே. ஒரு லட்சம் இணைகளுக்கும் விரிதாளில் இக்கணக்கைப் போட்டு, எத்தனை இணைகள் எந்த நிறையில் விழுகின்றன என்று தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்கள் நிகழ்வுச் செவ்வகம் என்று குறிக்கும் பட்டைப் படத்தை வரைந்தால், சரிவான நிலத்தில் கோபுரங்கள் எழுவதுபோல் குறிப்பிட்ட இடங்களில் முகடுகள் எழுகின்றன. 3.1-இல் எழுவது, 1974 நவம்பரில் இரு அமெரிக்க ஆய்வகங்கள் தனித்தனியே கண்டறிந்து நான்காவது குவார்க்கு இருப்பதை உலகுக்கு உணர்த்திய ஜே-சை, 9.5-ஐ ஒட்டி எழுவது, 1977-இல் ஃபெர்மி ஆய்வகம் கண்ட உப்சிலான். 91-இல் எழுவது, 1983-இல் செர்ன் கண்டறிந்து அடுத்த ஆண்டே கார்லோ ரூபியாவுக்கும் சைமன் வான் டெர் மீருக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த இசட் போசான். இரு கண்டங்களின் ஆய்வகங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் எழுப்பிய வரலாறு, ஒரே படத்தில் இடமிருந்து வலமாக விரிகிறது.

ஹிக்ஸ் போசானும் இதே வழியில்தான் வெளிப்பட்டது. ஏறக்குறைய நூறு கோடி மோதல்களுக்கு ஒன்று என்ற அளவில் தோன்றும் அது, நான்கு மியூவான்களாகவோ எலக்ட்ரான்களாகவோ சிதைவது பத்தாயிரத்தில் ஒரு முறைதான். அதனால் 2012 ஜூலை 4 அன்று 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையில் அது அறிவிக்கப்பட்டபோது, நான்கு துகள் படத்தில் அதன் முகடு விரல்விட்டு எண்ணத்தக்க நிகழ்வுகளால் ஆனதாகவே இருந்தது. அந்தச் சிறு மேட்டை நம்பலாமா என்று முடிவெடுக்க ஆய்வாளர்கள் பட்ட பாட்டை, டபிள்யூ போசானை எண்ணிப் பழகிய மாணவர் விளங்கிக்கொள்வார். செய்தித்தாள் தலைப்பை மட்டும் படித்தவருக்கு அது எட்டாது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவையும் உண்டு. மாணவருக்குத் தரப்படும் நிகழ்வுகள் ஆய்வாளர்கள் முன்னரே சலித்துத் தேர்ந்தவை. மாணவர் காண்பது ஏற்கெனவே காணப்பட்டதே. ஆகவே இதுவும் ஒருவகையில் விடை தெரிந்த செய்முறைதானே என்று கேட்கலாம். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. எனினும், தொகுப்பின் விடை தெரிந்திருந்தாலும் ஒவ்வொரு நிகழ்வின் விடையும் எவருக்கும் தெரியாது என்பதும், திருத்தி எழுத இடமில்லை என்பதும் வேறுபாட்டை நிலைநாட்டப் போதுமானவை. மேலும், அதே வாயிலில் உள்ள முழுத் தரவு வெறும் பயிற்சிப் பொருள் அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி தேலர் குழுவினர், சிஎம்எஸ் குழுவில் உறுப்பினராக இல்லாமலே, அதன் திறந்த தரவைக் கொண்டு குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் எப்படிக் கிளைக்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரை 2017-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளிவந்தது. பயிற்சிக்கும் ஆய்வுக்கும் இடையே மதில் இல்லை, படிக்கட்டே இருக்கிறது.

தரவு கைக்கு எட்டுவதும் எட்டாமல் போவதும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று கிடைக்கிறது. கொல்கத்தாவில் தேவேந்திர மோகன் போசும் அவருடைய மாணவி விபா சௌத்ரியும் 1930-களின் இறுதியில் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங், சந்தக்ஃபூ போன்ற மலை உச்சிகளில் மாதக்கணக்கில் வைத்து, அண்டக்கதிர்கள் அவற்றில் விட்டுச் சென்ற தடங்களை நுண்ணோக்கியில் அளந்து, எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள துகளின் அடையாளங்களை 1941, 1942-ஆம் ஆண்டுகளில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். போர்க்காலத்தில் மேலான தரமுள்ள தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1947-இல் பிரிஸ்டலில் செசில் பாவெல் குழுவினர் அதே முறையைச் சிறந்த தகடுகளில் கையாண்டு, அத்தகைய இடைப்பட்ட நிறையுள்ள பையானைக் கண்டறிந்தனர். 1950-இன் நோபல் பரிசு பாவெலுக்குச் சென்றது. அந்தப் பிரிஸ்டல் ஆய்வகத்தில் நாள் முழுவதும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து தடங்களைத் தேடியவர்களில் பெரும்பாலோர் இயற்பியல் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற பெண்கள் என்பதும், பையான் மியூவானாகச் சிதைந்த முதல் நிகழ்வைக் கண்டவர் அவர்களுள் ஒருவரான மரியெட்டா குர்ஸ் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. தேர்ந்த கண்ணுக்குப் பட்டம் முன்நிபந்தனை அன்று. சந்தக்ஃபூவின் தகடு ஒரே ஓர் ஆய்வகத்தில் இருந்தது. இன்றைய நிகழ்வோ லோதி எஸ்டேட் பள்ளிக்கும் ஜெனீவா பள்ளிக்கும் ஒரே நொடியில் கிடைக்கிறது.

அந்த நிகழ்வைப் பதிந்த கருவியில் இந்தியப் பங்கு சிறிதன்று. சிஎம்எஸ் காந்தச் சுருளுக்கு வெளியே, உள்ளடுக்குகளைத் தாண்டிக் கசியும் ஹாட்ரான்களின் ஆற்றலை அளக்கும் அடுக்கை மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் உருவாக்கின. படிகங்களுக்கு முன்னால் நிற்கும் சிலிக்கான் உணரிகளின் ஆக்கத்தில் பாபா அணு ஆய்வு மையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் உழைத்தன. சென்னை ஐஐடியும் இன்று அக்குழுவில் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு இத்துறையில் அதைவிடப் பழைய உறவும் உண்டு. 1995-இல் உச்சிக் குவார்க்கைக் கண்டறிந்த ஃபெர்மி ஆய்வகத்தின் டி-சீரோ குழுவில் அது இடம்பெற்றிருந்தது. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடாகி, ஆண்டுதோறும் அதற்குரிய நிதியைச் செலுத்துகிறது. செர்ன் வளாகத்தில் 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்ட, இந்திய அரசு அளித்த நடராசர் செப்புத் திருமேனியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். அந்தத் திருமேனி நிற்கும் ஆய்வகத்தின் தரவைத் தமிழ்ப் பிள்ளைகள் திறந்து பார்க்கலாம் என்று எழுதப்பட்டவை மிகக் குறைவு. பெருமைக்குரியது சிலை என்றால், பயனுக்குரியது தரவு. இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் முதலாவதை மட்டும் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நீதி ஆகாது.

மௌசம் பவனை முன்னே குறிப்பிட்டதற்கும் பொருள் உண்டு. 1875-இல் தொடங்கிய வானிலைத் துறையை 1904 முதல் 1924 வரை தலைமை ஏற்று நடத்திய கில்பர்ட் வாக்கர் கணிதவியலர். உலகின் பல நிலையங்களில் பதிவான காற்றழுத்த, மழை எண்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலின் கிழக்கிலும் மேற்கிலும் அழுத்தம் துலாக்கோல்போல் ஏறி இறங்கும் தென் அலைவைக் கண்டறிந்தவர். ஒற்றை நாளின் மழையை வைத்து எதையும் சொல்ல இயலாது, தொகையை வைத்துச் சொல்லலாம் என்பதே அவர் முறை. டபிள்யூ போசானை எண்ணும் மாணவரின் முறையும் அதுவே. அதே வாக்கர், 1913-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசனின் கணக்குகளைப் பார்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுத, மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. திறமையைக் கண்டவர் ஒரு கடிதம் எழுதினார். ஒரு நிறுவனம் அதற்குச் செவிசாய்த்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் அத்தகைய நிறுவன ஒத்துழைப்பே அன்றி, பெருஞ்செலவு அன்று.

தடைகள் கருவியில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கின்றன. அண்மைப் பாடக் குறைப்பில், இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளை அறிமுகப்படுத்திய 11-ஆம் வகுப்பின் முதல் பாடமும், துகளை முடுக்கும் சைக்ளோட்ரான் பற்றிய 12-ஆம் வகுப்புப் பகுதியும் தேசியப் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. சுமையைக் குறைப்பது நல்ல நோக்கம்தான். எனினும் காந்தப்புலத்தில் துகள் வளைவதைக் கற்பித்துவிட்டு, அந்த வளைவு உலகில் எங்கே பயன்படுகிறது என்பதை மட்டும் எடுத்துவிட்டால், எஞ்சுவது சமன்பாடு மட்டுமே. அதை மீட்கப் பாடத்திட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 12-ஆம் வகுப்பின் 30 மதிப்பெண் செய்முறைத் தேர்வில் ஆய்வுத் திட்டத்துக்கு 3 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அட்டையில் மின்மாற்றி ஒட்டிக் கொண்டுவரப்படும் அந்த இடத்தில், ஒரு லட்சம் மியூவான் இணைகளின் நிகழ்வுச் செவ்வகம் தாராளமாக இடம்பெறலாம். மும்பை ஆர்.என். போதார் பள்ளி மாணவர்கள் 2018-இல் செர்னின் பள்ளிகளுக்கான கற்றைப் போட்டியில் உலக அளவில் வென்று, அங்கே சென்று மெய்யான துகள் கற்றையில் சோதனை நடத்தினார்கள் என்பதால், இந்தியப் பள்ளிப் பிள்ளைக்கு இது எட்டாது என்ற ஐயத்துக்கு இடமில்லை.

உண்மையான தட்டுப்பாடு ஆசிரியரின் நேரமும் பயிற்சியும். இணையத்தில் உள்ள தரவைத் தாமாகவே தேடிக் கண்டு, தாமாகவே கற்று, நாற்பது பேருக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. இந்த இடத்தில்தான் கல்லூரி முன்வர வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பை நடத்துகிறது. நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும் இயற்பியல் மாணவர் ஒருவர், திறந்த தரவில் ஒரு சிறு சிக்கலை எடுத்து உழைப்பதோடு, அடுத்த தெருவில் உள்ள பள்ளியில் நான்கு பிற்பகல்களைச் செலவிட்டால், இரு நிறுவனங்களும் பயன்பெறும். தமிழ்க் கழகப் பள்ளிகளில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. ஆங்கிலத்தில் பாடம் படித்து வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள், உந்தம், மின்னூட்டம், மாறா நிறை, நிகழ்வுச் செவ்வகம் என்ற சொற்களை மெய்யான ஒரு வேலையில் புழங்கும்போது, அச்சொற்கள் தமிழ்ப்பாடத் தேர்வுக்கு அப்பாலும் உயிர்பெறும். கலைச்சொல் அகராதியில் உறங்கும் சொல், ஒருவர் மற்றவரிடம் இந்தத் தடம் எந்தப் பக்கம் வளைகிறது என்று கேட்கும்போதுதான் விழிக்கிறது.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். பன்னாட்டுப் பயிலரங்கு வழக்கமாக நடைபெறும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள், மத்திய வாரியப் பொதுத்தேர்வு நடக்கும் மாதங்கள். அந்த நேரத்தில் 12-ஆம் வகுப்புப் பிள்ளையை எந்தப் பெற்றோரும் அனுப்பமாட்டார்கள், அனுப்பும்படி கேட்பதும் முறையன்று. 11-ஆம் வகுப்பினருக்கோ அத்தடை இல்லை. உந்த அழியாமையும் கொசைனும் அவர்கள் அந்த ஆண்டிலேயே கற்கிறார்கள், காந்தப்புல வளைவை மட்டும் ஒரு பிற்பகலில் முன்கூட்டியே சொல்லித் தர வேண்டியிருக்கும். தீபாவளி விடுமுறைக்குப் பின் நவம்பரில் இரு மியூவான் அட்டவணையில் தொடங்கி, டிசம்பருக்குள் விரிதாளில் முகடுகளை எழுப்பிப் பார்த்து, பிப்ரவரி இறுதியில் டபிள்யூ போசானை எண்ணும் அளவுக்கு ஒரு வகுப்பு தேறிவிடும். அதற்கு வேண்டியவை இணைய இணைப்புள்ள கணினிகள் இருபது, கல்லூரியிலிருந்து நடந்தே வந்து சேரும் ஒரு மாணவர், நாற்பது பேரின் எண்ணிக்கைகளையும் வரிசையாக எழுத இடமுள்ள ஒரு கரும்பலகை.